எட்டாவது கல்

என் மேசை இழுப்பறையில் ஒரு பத்திரிகைத் துணுக்கு இருக்கிறது. இரண்டு விரற்கடை அகலம், ஒரு சாண் நீளம். ஒரு முறை நன்றாக நனைந்து பிறகு வெயிலில் காய்ந்ததால் பொரித்த அப்பளம்போல நெளிந்து கிடக்கும். எடுக்கும்போதெல்லாம் ஓரத்தில் கொஞ்சம் உதிரும். எழுத்துகள் கலங்கிப்போயிருந்தாலும் தலைப்பைப் படிக்கலாம். தலைப்புக்குக் கீழே என் பெயரையும் படிக்கலாம். மேல் மூலையில் சிவப்பாக ஒரு கறை. ரத்தம் இல்லை, குங்குமம். அது பிற்பாடு வந்தது, அதைப் பிற்பாடு சொல்கிறேன். எழுதிப் பிழைக்கிறவன் என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஒருவர் கத்தரித்து, மடித்து, சட்டைப் பையில் நெஞ்சோடு வைத்துக்கொண்ட என் எழுத்து இது ஒன்றுதான். அந்தக் கணக்கில் பார்த்தால் இதுவே என் ஆகச் சிறந்த படைப்பு.

இரண்டாயிரத்துகளின் நடுவில் குரோம்பேட்டையில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இயங்கிய வாரப் பத்திரிகையில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் கேட்காமலேயே வீட்டு வாசலில் வந்து விழுமே, அந்த ரகம். பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை, உள்ளே அஸ்தினாபுரம், செம்பாக்கம் என்று சந்து சந்தாகப் போடுவோம். அதை மக்கள் படித்தார்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பஜ்ஜி எண்ணெய் வடிய, பீரோ தட்டில் விரிக்க, கண்ணாடி துடைக்க என்று எங்கள் பத்திரிகை ஒவ்வொரு குடும்பத்திலும் இரண்டறக் கலந்திருந்தது. நாங்கள் முதலாளி என்று கூப்பிட்டவரே ஆசிரியர், அவரே விளம்பரம் பிடிப்பவர். நாங்கள் என்றால் நான்தான். மற்றவர்கள் நின்றுவிட்டார்கள்.

அப்போது 'அரை நாள் ஊர்' என்றொரு பகுதியைத் தொடங்கினோம். தாம்பரத்தில் காலை டிபனை முடித்துக்கொண்டு கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய சுற்றுலா இடங்கள். வண்டலூர் மிருகக்காட்சிசாலை, முட்டுக்காடு படகுத் துறை, கோவளம் கடற்கரை என்று மூன்று வாரத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது. நான்காவது வாரம் முதலாளி சொன்னார்: "ஏதாவது ஒரு கிராமத்தைப் பிடிப்பா. யாருக்கும் தெரியாத ஊரா இருக்கணும். சரித்திரம் வேணும். கார் நிறுத்த இடமும் வேணும்."

பிடித்தேன். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில், நடுவழியில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய சின்ன ஊர். பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரு முறை சொன்னதன் விளைவைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். நாவலூர்ப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் முளைக்க ஆரம்பித்த சமயம் அது. அந்த வெளிச்சம் இந்த ஊருக்கு இன்னும் வரவில்லை. ஆனால் வரப்போகிறது என்று வயல்களில் மஞ்சள் கொடிகள் நட்டு மனை பிரித்துக்கொண்டிருந்தார்கள். கிராம நிர்வாக அலுவலகம் பூட்டியிருந்தது. வாசலில் ஒரு சைக்கிள், சைக்கிள் கேரியரில் ஒரு மனிதர். ஹாண்டில் பாரில் சுண்ணாம்பு காய்ந்து ஒட்டிய ஒரு தகர டப்பா தொங்கியது. சாயம் போன காக்கிச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, இரண்டு கால்களில் இரண்டு விதச் செருப்பு. அரசாங்கம் அவருக்கு வைத்த பெயர் கிராம உதவியாளர். ஊரில் அவர் தலையாரி.

"பேப்பர்லேர்ந்து வரேன்" என்றேன். "உங்க ஊரைப் பெரிய டூரிஸ்ட் ஸ்பாட் ஆக்கப்போறேன். இங்க பாக்கறதுக்கு என்ன இருக்கு, என்னைத் தவிர?"

என் ஜோக்குகளுக்குச் சிரிக்காதவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். ஆனால் அவர் சிரிக்காமல் விட்டதோடு நிற்கவில்லை, யோசித்தார். "உன்னை எதுக்கு சார் பாக்கணும்? நீ வெளியூருதானே?" என்று நிஜமாகவே கேட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சொன்ன சொல்லை அப்படியே முழுசாக எடுத்துக்கொள்கிற மனிதர் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

காலை முழுவதும் கூட்டிக்கொண்டு சுற்றினார். ஏரி ஒன்று இருந்தது, தண்ணீர் இல்லை. கல் மண்டபம் ஒன்று இருந்தது, உள்ளே வைக்கோல். எழுத்து வெட்டிய கல்லொன்றைப் பார்த்ததும் குதித்தேன்; அது சர்வே கல் என்றார். நிலம் அளக்கிறவர்கள் வரும்போது எல்லைக் கற்கள் எங்கெங்கே புதைந்திருக்கின்றன என்று காட்டுவது அவர் வேலை. அந்த ஊரின் ஒவ்வொரு கல்லும் அவருக்குப் பரிச்சயம். மனை போடுகிறவர்கள் பிடுங்கிப் போட்ட பழைய எல்லைக் கற்களைக்கூட வீணாக்காமல் அலுவலகத்துக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தார்.

ஊரின் சரித்திரத்தைக் கேட்டேன். அதையும் சொன்னார். இந்தக் கிணற்றில் இன்னார் விழுந்தார். அந்தப் புளியமரத்தில் இன்னார் மகள். இந்த வளைவில் ஜல்லி லாரி மோதியது. அகால மரணம் என்றால் போலீஸ் வந்து சேரும்வரை பிணத்துக்குக் காவல் இருப்பதும் தலையாரியின் வேலை. நாய் அண்டாமல், வெயில் படாமல், சில சமயம் ஒரு முழு நாள். ஆக, அவருக்குத் தெரிந்த ஊர் வரைபடம் அதுதான். ஒவ்வொரு இடத்திலும் தான் உட்கார்ந்திருந்த கல்லையும் காட்டினார். எனக்கு வேண்டியது பல்லவர் காலம். அவரிடம் இருந்ததோ போன மாசி மாதம். வாயைப் பொத்திக் கொட்டாவி விட்டேன்.

அப்போது அவருக்கு அலுவலரிடமிருந்து அழைப்பு வந்தது. போகும்போது திரும்பி நின்று சொன்னார்: "சார், அந்தாண்ட கல்குட்டை ஒண்ணு கீது. அங்க மட்டும் தனியா போவாதீங்க. நான் வந்து கூட்டினு போறேன். அங்க சொல்ல வேண்டியது கீது."

எனக்குப் பேருந்துக்கு நேரமாகியிருந்தது. தனியாகப் போனேன்.

கல் உடைத்து, உடைத்து, பிறகு கைவிட்ட குவாரி. மழைத் தண்ணீர் பல வருடமாகத் தேங்கி, பாசியும் வெயிலும் சேர்ந்து கிளிப்பச்சையாகக் கிடந்தது. மூன்று பக்கமும் செங்குத்தான பாறை. ஒரு பக்கம் மட்டும் மேசைபோல ஒரு பாறைத் திட்டு தண்ணீருக்குள் இறங்கியது. முழங்கால் ஆழத்தில் அது முடிந்துவிடும். அதற்கப்புறம் நான்கு பனை ஆழம். அதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது கரையில் வரிசையாக நட்டிருந்த ஏழு கற்கள். முழங்கால் உயரம், சதுரமாகச் செதுக்கியவை, சுத்தமாக வெள்ளையடித்தவை. இரண்டு கற்களில் மஞ்சளும் குங்குமமும். ஒன்றின் அடியில் வதங்கிய மாலை, காய்ந்த எலுமிச்சம்பழம். நீர்நிலை, ஏழு கல், மஞ்சள் குங்குமம். ஏழு கன்னிமார் என்று சொல்ல நம் ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூட இரண்டாவது யோசனை வேண்டாம். மூன்று படம் எடுத்தேன். தலையாரிக்காகக் காத்திருக்கவில்லை. பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது; குரோம்பேட்டை வருவதற்குள் கட்டுரையும் கிடைத்துவிட்டது.

பல்லவர் காலம் என்று போட்டேன். யார் வந்து மறுக்கப்போகிறார்கள்? வெள்ளிக்கிழமை காலையில் உடுத்திய துணியோடு பச்சைக் குட்டையில் ஏழு முங்கு முங்கி, ஈரத்தோடு ஏழு கன்னியரையும் சுற்றி வந்தால், திருமணம் தட்டிப்போகிறவர்களுக்குத் தை மாதத்துக்குள் மாலை விழும் என்று எழுதினேன். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கே முப்பத்து மூன்று வயது, எட்டுப் பெண் வீட்டார் பஜ்ஜி சாப்பிடவைத்து அனுப்பியிருந்தார்கள். அந்த எரிச்சலில் தோன்றிய கற்பனை. கடைசி வரியாக, "இக்கட்டுரையாளரும் நேர்ந்துகொண்டிருக்கிறார், பெண் வீட்டார் கவனிக்கவும்" என்று சேர்த்தேன். அதற்கு நானே தனியாகச் சிரித்தேன். முதலாளியும் சிரித்தார். இரண்டு பேர் சிரித்த என் நகைச்சுவை அது.

அடுத்த வாரம் தொலைபேசி ஓயவில்லை. எப்படிப் போவது, சிறுவர்களை அழைத்துப் போகலாமா, பூசாரி உண்டா? மூன்றாவது வாரம் ஒரு பெண்மணி அழைத்துத் தன் மகளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது என்று அழுதார். என் அம்மாவே ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் துண்டும் கையுமாக என் கட்டிலருகே வந்து நின்றாள். "ஊருக்கெல்லாம் எழுதறே, நீ போய் ஒரு முங்கு போடக் கூடாதா?" என்றாள். என் புளுகை நானே நம்பலாம் என்றால் எனக்கு நீச்சல் தெரியாது. அதனால் பிழைத்தேன். இப்போதும் வேடிக்கைக்குச் சொல்வதுபோலத்தான் இதைச் சொல்லிக்கொண்டு வருகிறேன். இனிமேல் முடியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தலையாரி அலுவலகத்துக்கு வந்தார். மாடிப்படி ஏறிய மூச்சு, அதே காக்கிச் சட்டை, கக்கத்தில் எங்கள் பத்திரிகை. யாரோ அதில் பட்டாணி சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் இருந்த நாற்காலிக்கு எதிரில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இன்னா சார் இப்டி எழுதி வெச்சிக்கீற?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

"ஏன் அண்ணா? ஊருக்குப் பேரு வந்திருக்கே. இப்ப கூட்டம் வருதாமே?"

"வர்து சார். அதான் பேஜாரு." சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "அது கன்னிமாரு இல்ல சார். அந்தக் குட்டையில செத்தவங்க. ஒவ்வொருத்தனையும் நான்தான் காவல் காத்தேன். போலீஸ் தூக்கினு போன பின்னாடி ஒரு கல்ல நட்டு சுண்ணாம்பு அடிப்பேன். பழைய எல்லைக் கல்லு, ஆபீஸ் பின்னாடி பாத்தீயே, அதான். குளிக்க வர்றவன் அதப் பாத்து, இது இன்னாடா இத்தினி கல்லுன்னு கேட்டுப் பயந்து திரும்பிடுவான்னு. நெறைய பேரு திரும்பிக்கீறான் சார். நாலு வருசமா ஒருத்தனும் சாவல." நோட்டைப் பிரித்து என் பக்கம் திருப்பினார். ஏழு பெயர்கள், ஊர், வயது. "இதுல பொம்பளையே கெடயாது. ஏழும் ஆம்பளப் பசங்க. திதி அன்னிக்கு அவங்க அவங்க ஆத்தா வந்து குங்குமம் வெச்சிட்டுப் போவும்."

நான் சிரித்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை; என் முகத்துக்கு வேறு பழக்கம் கிடையாது. இறங்காதே என்று அவர் நட்ட கல்லைக் காட்டி நான் ஊரையே இறங்கச் சொல்லியிருக்கிறேன். தலையாரி என் சிரிப்பு முடியும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்: தினம் காலையில் குட்டைக்கரையில் நின்று வருகிறவர்களை விரட்டுகிறார். வெள்ளிக்கிழமை விடியலில் ஒரு கயிற்றைப் பாறையில் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு முங்கச் சொல்கிறார். சாமி குத்தம் ஆகிவிடும் என்று பலர் கயிற்றைத் தொடுவதில்லை. "அடுத்த வெள்ளி நான் இருக்க மாட்டேன் சார். தாலுக்கா ஆபீசுல ஜமாபந்தி, வருசக் கணக்கு பாக்குறது. ஊர்ப் பதிவேடெல்லாம் நான்தான் தூக்கினு போவணும். அதுக்குள்ள நாயித்துக்கெழம பேப்பர் வந்துடுமில்ல? அதுல போட்ரு சார். அது கோயில் இல்ல, செத்தவங்க கல்லுன்னு போட்டு இந்தப் பேரையும் போட்ரு. போடுவியா?"

"கண்டிப்பா போடறேன் அண்ணா" என்றேன்.

"போட்டுடுவியே?"

"சத்தியமா."

அவர் அதை முழுசாக எடுத்துக்கொண்டார். நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

அன்றைக்கே எழுதினேன், இந்த ஒன்றையாவது ஒழுங்காகத்தான் எழுதினேன். முதலாளி படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். அந்த வாரம் பின்பக்கம் முழுதும் ஒரு மனை விளம்பரம்: புகழ்பெற்ற ஏழு கன்னிமார் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரம். "அதே இஷ்யூல இதைப் போட்டா அந்த ஆளு நம்ம மூஞ்சியில முழிப்பானா? அடுத்த வாரம் போட்டுக்கலாம்பா. ஒரு வாரத்துல என்ன ஆயிடப்போகுது?" என்றார். வாதாடியிருக்கலாம். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு முறை சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். ஒரு முறைதான் சொன்னேன், அதையும் ஒரு ஜோக்கோடு சேர்த்துச் சொன்னேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த ஒரு வாரம் தேவைப்பட்டது. அஸ்தினாபுரத்தில் என்னைத் தெருவில் நிறுத்தி, "கன்னிமார் கோயிலைக் கண்டுபிடிச்சவர்" என்று கைகொடுத்திருந்தார்கள். வாழ்க்கையில் நான் கண்டுபிடித்த ஒரே பொருளை ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுக்கலாமே என்றிருந்தது.

சரி, போடவில்லை. தலையாரியிடம் ஒரு செல்போன் இருந்தது, எண்ணையும் அந்தக் காகிதத்தின் அடியில் எழுதியிருந்தார். "இந்த வாரம் வரலை அண்ணா, வெள்ளிக்கிழமைக்கு வேற ஆளை நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் பத்திரிகை அந்த ஊருக்குப் போவதில்லை. சத்தியம் செய்தவன் போட்டிருப்பான் என்றுதான் அவர் இருப்பார். திங்கள் போனது, செவ்வாய் போனது. தினமும் எண்ணை எடுத்துப் பார்த்து, என்ன சொல்லிச் சமாளிப்பது என்று தோன்றாமல் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவரே அழைத்தார். "கொஞ்சம் வந்துட்டுப் போ சார்" என்றார். அவ்வளவுதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது உடலை எடுத்திருந்தார்கள். முட்டுக்காட்டுப் பக்கமிருந்து இரண்டு மீனவர்களை வண்டி வைத்து அழைத்து வந்திருந்தார்கள். அவர்கள் தலை துவட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். தலையாரி தாலுகா அலுவலகத்திலிருந்து பாதியில் ஓடி வந்திருந்தார். ஜமாபந்திக்காகத் துவைத்துப் போட்ட காக்கிச் சட்டை, தேய்த்த மடிப்பு கலையவில்லை. பாயால் மூடியதன் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து துண்டால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். போலீஸ் இன்னும் வரவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"நீ போட்டுட்டேன்னு நெனச்சிப் போய்ட்டேன் சார்" என்றார்.

அதில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். அவர் தன் தவறுக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இறந்தவருக்கு முப்பத்து நான்கு வயது. அஸ்தினாபுரம். எங்கள் தெருவிலிருந்து மூன்று தெரு தள்ளி. அம்மாவோடு வந்திருக்கிறார். அந்த அம்மாள் பாறை நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வயர்கூடை, அதில் மடித்த வேட்டி, சீப்பு, காபி பிளாஸ்க். அழவில்லை. யாராவது அருகில் வந்தால் நிமிர்ந்து பார்த்து ஒரே விஷயத்தைச் சொன்னார். என்னிடமும் சொன்னார்.

"ஒண்ணு, ரெண்டுன்னு நான்தான் தம்பி சத்தமா எண்ணிட்டிருந்தேன். அவனுக்கு எண்ணிக்கை விட்டுடுமோன்னு. மூணு சொன்னேன். நாலு சொல்றதுக்கு வாயைத் தெறந்து வெச்சிருக்கேன், வரவே இல்லை." பிறகு என் கையைப் பிடித்தார். அவருடைய கை காய்ந்து, சூடாக இருந்தது. "கன்னிமாருக்கு நான் என்ன தம்பி குறை வெச்சேன்? மாசக் கணக்கா விரதம். ஒருவேளை நான் எண்ணக் கூடாதோ? வாய்விட்டு எண்ணினதுல கோச்சுக்கிட்டாங்களோ?"

தலையாரி என்னைப் பார்த்தார். சொல் என்று அவர் முகம் காட்டவில்லை. சொல்வேன் என்று எதிர்பார்த்தது, அவ்வளவுதான். பக்கத்தில் ஏழு கற்கள். அன்று காலை யாரோ பூ வைத்திருந்தார்கள். 'அம்மா, அங்கே யாரும் இல்லை, கோபித்துக்கொள்ள ஆளே இல்லை, அதை எழுதியவன் நான்தான்' என்று சொல்ல ஐந்து நொடி போதும். பேசியே பெயர் வாங்கிய நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் தலையாரிதான் குத்துக்காலிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். "அம்மா, இங்க சாமியே கெடயாதும்மா. நீ ஒரு கொறையும் வெக்கல. இது சும்மா செத்தவங்க கல்லு. நான் நட்டது."

அந்த அம்மாள் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். குழந்தையிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னார்: "அப்படிச் சொல்லாதேப்பா. பேப்பர்லயே போட்டிருக்கே."

போலீஸ் ஜீப் வரும் சத்தம் கேட்டபோது தலையாரி என்னை மரத்தடிக்கு அழைத்துப் போனார். மடியிலிருந்து ஈரமாக எதையோ எடுத்து என் கையில் வைத்தார். இந்தத் துணுக்கு. "சட்டப் பையில இருந்திச்சி. இப்ப பஞ்சநாமா எழுதுவாங்க, மேல இருக்கிற சாமானெல்லாம் லிஸ்ட்டு எடுப்பாங்க. இது அதுல ஏற வேணாம்." என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்து வாயைத் திறந்தேன். தலையை ஆட்டினார். "உனக்காக இல்ல சார். சாமானெல்லாம் அந்தம்மா கையிலதான் திருப்பிக் குடுப்பாங்க. ஈரப் பேப்பர வெச்சிகினு அது இன்னா பண்ணும்? நீ வெச்சிக்க. இது உன்னுது." பிணத்துக்குக் காவல் இருந்தவர் தம் வாழ்நாளில் செய்த ஒரே முறைகேடு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மறு ஞாயிறு திருத்தம் முதல் பக்கத்தில் வந்தது. முதலாளி தானாகவே அங்கே வைத்தார், பின்பக்க விளம்பரத்தையும் நிறுத்தினார். யாரும் அழைக்கவில்லை. திருத்தத்தைக் கத்தரித்து யாரும் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதில்லை. இரண்டு வெள்ளிக்கிழமை கூட்டம் இல்லை. மூன்றாவது வெள்ளி முன்னைவிட அதிகம். உயிர்ப்பலி வாங்கிய தெய்வம், துடியான தெய்வம் என்று பேச்சாகிவிட்டிருந்தது.

தலையாரி எட்டாவது கல்லை நட்டார். வெள்ளையடித்து முடித்ததும் என்னை வரச் சொல்லி ஒரு தூரிகையையும் கறுப்பு எனாமல் டப்பாவையும் நீட்டினார். "வெறுங்கல்லா நட்டதுதான் சார் என் தப்பு. எழுதிட்டா யாரும் சாமின்னு நெனக்க மாட்டான். நீதானே எழுதறவன், எழுது." ஒரு நாள் முழுக்க வெயிலில் மண்டியிட்டு எட்டுப் பெயர்களை எழுதினேன். பெயர், வயது, 'நீரில் மூழ்கி இறந்தார்'. பெயிண்ட் வழிய வழியத் தடிமனாக, இரண்டு பூச்சு. அந்தத் திருத்தத்தை விட்டால், நான் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லாத ஒரே எழுத்து அதுதான், அதைப் படிக்க அவர் ஒருவர்தான் இருந்தார். விரலை வைத்து ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிப் படித்துச் சரிபார்த்தார். ஒருவருக்கு வயது தப்பாக இருந்தது, திருத்தச் சொன்னார்.

ஒரே மாதத்தில் பெயர்களின் மேல் மஞ்சள் அப்பினார்கள். அவர் சுரண்டினார். மறுபடி அப்பினார்கள், மறுபடி சுரண்டினார். மஞ்சள் போய்ப் பாவாடை வந்தது, அவிழ்த்தார். தெய்வத்தின் துணியை உரிக்கிறான் என்று அவரை அடித்து, சட்டையைக் கிழித்து, மேலிடத்துக்குப் புகார் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் மனை வாங்கிக் குடிவந்த புதியவர்கள். வேறு ஊருக்கு மாற்றினார்கள். சொந்த ஊரை விட்டு ஒரு தலையாரியை மாற்றுவது நடக்கிற காரியமா என்று எனக்குத் தெரியாது, அவருக்கு நடந்தது. நான் அதற்குள் அந்த வேலையை விட்டு அம்பத்தூர்ப் பக்கம் போய்விட்டிருந்தேன். போகிற போக்கில் வந்த செய்தி இது. அவர் சர்க்கரை வியாதியில் கால் எடுத்து, பிறகு இறந்துபோனதும் அப்படித்தான் வந்தது, ஒரு வருடம் தாமதமாக. அவர் உடலுக்கு யார் காவல் இருந்தார்கள் என்று யாரிடமும் கேட்க முடியவில்லை.

போன ஆடியில் அங்கே போனேன். சாலையிலேயே வளைவு கட்டியிருக்கிறார்கள். மூன்று பக்கமும் அடுக்குமாடி. குட்டையைச் சுற்றி ஆளுயரக் கம்பி வேலி. அதற்குள் யாரும் இறங்க முடியாது, அந்த மட்டும் நிம்மதி. முங்குவதற்குப் பதில் நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றிலிருந்து ஏழு சொம்புத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார்கள். தகரக் கொட்டகையின் கீழ் பட்டுப் பாவாடை கட்டிய ஏழு கன்னியர், வெள்ளிக் கண்கள் ஒட்டியிருந்தன. ஓரத்தில் எட்டாவதுக்கு மட்டும் வேட்டி, முறுக்கு மீசை. "அது யாரு?" என்று காவலாளியைக் கேட்டேன். "கன்னிமாருக்கு அண்ணன் சார். காவலுக்கு நிக்கிறாரு" என்றார்.

சுவரில் கறுப்புக் கிரானைட்டில் தல வரலாறு பொறித்திருந்தது. முதல் வரியிலேயே என் நடை தெரிந்தது. பல்லவர் காலம், பச்சைக் குட்டை, தை மாதம், எல்லாம் எழுத்துக்கு எழுத்து. 'இக்கட்டுரையாளரும் நேர்ந்துகொண்டிருக்கிறார், பெண் வீட்டார் கவனிக்கவும்' என்பதைக்கூட விடவில்லை. தங்க எழுத்தில் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை, ஒருவர் அதற்குக் கற்பூரம் காட்டிவிட்டுப் போனார்.

எட்டாவது கல்லின் வேட்டிக்குள் யாரும் பார்க்காதபோது கையை விட்டேன். மஞ்சளுக்கும் எண்ணெய்க்கும் அடியில் எனாமல் இன்னும் புடைப்பாக இருந்தது. வயதின் முதல் எண் விரலில் தட்டுப்பட்டது. மூன்று.

திரும்பும்போது ஒரு பெண்மணி என்னை நிறுத்தினார். பின்னால் மகன், நெற்றியில் முடி கொஞ்சம் ஏறிய முப்பது வயதுப் பிள்ளை, வெட்கத்தோடு செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சார், ஏழு சொம்பையும் நாங்க எண்ணணுமா, அவனே எண்ணிக்கணுமா?" என்று கேட்டார்.

அன்றைக்கு அந்த அம்மாளிடம் சொல்லாததை இவரிடம் சொன்னேன். "எண்ணவே வேண்டாம்மா. இங்க சாமி கிடையாது. அந்தச் சுவர்ல இருக்கிறது நான் விட்ட புளுகு. அந்தக் கல்லெல்லாம் இந்தக் குட்டையில செத்துப்போனவங்க."

அவர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். "போங்க சார், கோயில்ல நின்னுக்கிட்டு ஜோக் அடிக்கறீங்க."

நான் நிரூபித்துவிடுவது என்று, அன்று கூடவே கொண்டுபோயிருந்த துணுக்கைப் பையிலிருந்து எடுத்தேன். "இதோ பாருங்க, இது என் பேரு. நான்தான் எழுதினேன். இது ஒருத்தர் சட்டைப் பையில" என்று ஆரம்பித்தேன். மேலே சொல்ல விடவில்லை. அவர் என் கையிலிருந்து அதை மிகுந்த ஜாக்கிரதையாக, இரண்டு கையாலும் வாங்கினார். கலங்கிய தலைப்பை உதடு அசையப் படித்தார். "டேய், இங்க பாருடா," என்று மகனைக் கூப்பிட்டார், "அந்தக் காலத்துப் பேப்பர்லயே போட்டிருக்கு." கண்ணை மூடி, அதை நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

குங்குமக் கறை அப்போது பட்டதுதான்.